தண்ணீர் ஊற்றிய குற்றம்

செங்கம்மாளின் குற்றப்பத்திரிகையைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து, "நீ மட்டும் என்ன யோக்கியமா?" என்று கேட்பதற்கு நான் இடம் வைக்கவில்லை. யோக்கியன் இல்லை. பதினொரு வருஷம் அந்தக் கம்பெனியில் தமிழ்த் தட்டச்சராக உட்கார்ந்து, கொடுத்ததையெல்லாம் அடித்துக் கொடுத்து, மாசம் பிறந்தால் கையை நீட்டிச் சம்பளம் வாங்கியவன். பெயர் வரதன். ஊர் திருக்கழுக்குன்றம்.

கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்குப் பதில் தட்டச்சு செய்ய எனக்குப் பொறுமை இல்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. மின்சாரம் தயாரித்துச் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு விற்கிற தனியார் கம்பெனி. 1993-இல் நிலக்கரியில் ஆரம்பித்தார்கள். 2006-இல் திடீரென்று ஞானம் பிறந்து, நிலக்கரியை விட்டுச் சவுக்குத் தூளுக்கும் உமிக்கும் கடலைத் தோலுக்கும் மாறினார்கள். "பூமித்தாய்க்கு எங்கள் காணிக்கை" என்று வாசலில் பச்சைப் பலகை வைத்தார்கள். அந்தப் பலகைக்கான வாசகத்தை அடித்ததும் நான்தான்.

கரி போனது நல்லதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. எங்கள் தெருவில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் வேட்டியாக எடுத்த காலம் ஒன்று உண்டு. பால் காய்ச்சி மூடாமல் வைத்தால் மேலே கறுப்பாக மிதக்கும். அது ஒழிந்தது என்றால் யாருக்கு வலிக்கும்? எனக்கு வயிறு எரிவதெல்லாம், கரியைக் கழுவுகிற சாக்கில் யாரையெல்லாம் சேர்த்துக் கழுவிவிடப் பார்த்தார்கள் என்பதில்தான்.

செங்கம்மாள் கம்பெனிக்கு வந்தபோது முப்பது வயது இருக்கும். கணவர் மணிக்குத் திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தருகே பஞ்சர் கடை. வாயில்லாத மனிதர். அவருக்கும் சேர்த்து இவளுக்கு வாய் இருந்தது. கரிக்கிடங்கில் மொத்தம் இருபத்திரண்டு பெண்கள். துறைமுகத்திலிருந்து லாரியில் வருகிற கரியைக் குவிக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும், பெரிய கட்டியைச் சம்மட்டியால் உடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

தண்ணீர் ஏன் என்றால், கரிக்குவியல் சும்மா கிடக்காது. வெயிலில் கிடக்கக் கிடக்க உள்ளுக்குள் சூடேறி, யாரும் பற்ற வைக்காமலே தானாகப் பற்றிக்கொள்ளும். தூசியும் பறக்கும். ஆகவே காலை ஆறு மணிக்கு ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை குவியல் முழுக்க நனைக்க வேண்டும். கிடங்கு வாசலில் இதற்கென்றே ஒரு தகரப் பலகை இருந்தது. மேலே "நிலக்கரிக் கிடங்கு" என்று பெரிதாக. கீழே, "காலை 6, மாலை 3, குவியலுக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தவறினால் அன்று வேலை இல்லை. – நிர்வாகம்."

செங்கம்மாளிடம் இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. ஆள் உயர இரும்புக் கம்பிகள் நாலைந்தைக் குவியலில் ஆழமாகச் செருகி வைப்பாள். காலையில் வந்ததும் ஒவ்வொன்றாக உருவி, நுனியைப் புறங்கையில் வைத்துப் பார்ப்பாள். புறங்கை பொறுக்கிற சூடென்றால் சரி. பொறுக்கவில்லை என்றால் அந்த இடத்தைக் கிளறி, கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற வைப்பாள். இதற்குக் 'கம்பி பார்க்கிறது' என்று பெயர். 1998 கத்திரி வெயிலில் இவள் கம்பி பார்த்துச் சத்தம் போட்டிராவிட்டால் கிடங்கோடு கன்வேயரும் எரிந்து போயிருக்கும். அன்று எஞ்சினியர் ஒருவர், "அந்தம்மாவுக்கு ஏதாவது செய்யணும் சார்" என்று மேனேஜரிடம் சொன்னார். ஏதாவது செய்தார்கள். பொங்கலுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று கொடுத்தார்கள்.

இந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்திக்குக்கூடக் கம்பெனிக் காகிதத்தில் பெயர் கிடையாது. அவர்கள் மேஸ்திரி முனிசாமியின் ஆட்கள். முனிசாமி தினமும் ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவார்: "பெண்கள் – 22." அதைத்தான் நான் மாதக் கடைசியில் பட்டியலாக அடிப்பேன். கரி லாரி எத்தனை, டீசல் பீப்பாய் எத்தனை, பெண்கள் எத்தனை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் முனிசாமி அவள் தங்கையைக் கூட்டி வந்து எண்ணிக்கையைச் சரிசெய்துவிடுவார். பெயர் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் சீட்டு இல்லை. கரி நெஞ்சில் இறங்கி இருமினால் அவரவர் பாடு.

2004-இல் செங்கம்மாள் செங்கல்பட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். பொறுமையாகக் கேட்ட ஒரு அதிகாரி, "ஒரே ஒரு காகிதம் கொண்டாங்கம்மா. உங்க பேர் இருக்கணும், கம்பெனி முத்திரை இருக்கணும், எந்த வருஷத்திலேருந்து வேலை செய்யறீங்கன்னு இருக்கணும். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றாராம். நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"நைனா, ஒரு காய்தம் அடிச்சிக் குடு. பொய் ஒண்ணும் எழுத வோணாம். நான் இங்க வேல செய்றேன்னு எழுது. அவ்ளோதான்."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லக்கா" என்றேன்.

"அதிகாரம் யாரு கேட்டா? நெசம் தான கேட்டேன்?"

நான் அடுத்த காகிதத்தை மெஷினில் செருகினேன். அவள் போய்விட்டாள். இரண்டு வருஷம் அந்தக் கேள்வி என் மேஜைமேல் கிடந்தது, நான் அதன் மேலேயே காகிதம் வைத்து வேலை செய்தேன்.

பிறகு பசுமை வந்தது.

மேனேஜர் பக்தவத்சலம் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக்கொண்டு கம்பெனிக் காரில் வந்து போகிறவர். 2006 ஆகஸ்டில் கரிக்கிடங்குப் பெண்களை எல்லாம் வாசலில் நிற்க வைத்துப் பேசினார். நிலக்கரி இனி இல்லை, மரத்தூளும் உமியும்தான் எரிபொருள், இது உலகத்துக்கே நல்லது, யாரும் பயப்பட வேண்டாம், பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிற பெண்கள் எல்லோரையும் புதிய கிடங்கில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வோம் என்றார். கைதட்டினார்கள். செங்கம்மாள் மட்டும் கேட்டாள்: "பேரு எழுதிப்பீங்களா சார்?"

"கண்டிப்பாம்மா. வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். அடுத்த வாரமே."

வெளிநாட்டுக்காரர்கள் என்றால், புகையைக் குறைத்ததற்குச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள். அவர்கள் அக்டோபரில் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. எஞ்சினியர்கள், சூப்பர்வைசர்கள், கணக்குப் பிரிவு, நான். நிபுணர் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். மரத்தூளும் கரியும் ஒன்றல்ல, மரத்தூளில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, ஈரமானால் பாய்லர் இருமிச் செத்துவிடும் என்று மூன்று முறை சொன்னார். பச்சைச் சவுக்குத் தூளைக் குவித்தால் உள்ளே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், மிதமான சூட்டுக்குப் பயப்பட வேண்டாம், கிளறிவிட்டால் போதும் என்றும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். மத்தியானம் இறால் வறுவல். நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். எரிபொருளை நாள் முழுக்கக் கையால் தொடுகிற இருபத்திரண்டு பேரை அங்கே கூப்பிட வேண்டும் என்று ஒரு நாய்க்கும் தோன்றவில்லை. அந்த நாய்களில் நானும் ஒருவன்.

வெளிநாட்டுக்காரர்கள் வருகிற வாரம் பக்தவத்சலம் கம்பெனி முழுக்கச் சுற்றி வந்தார். 'நிலக்கரி' என்ற சொல் எங்கேயும் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. பெயிண்டர் வந்தார். கிடங்கு வாசல் தகரப் பலகையில் "நிலக்கரி" என்பதை அழித்து, பச்சை பெயிண்டால் "பசுமை எரிபொருள்" என்று எழுதினார். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டுப் போய்விட்டார். கீழே இருந்தது அப்படியே இருந்தது. ஆக, பலகையில் இப்போது இப்படி இருந்தது: பசுமை எரிபொருள் கிடங்கு. காலை 6, மாலை 3, குவியலுக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். நிர்வாகம்.

அந்தப் பலகையைத் தாண்டித்தான் பக்தவத்சலம் தினமும் போனார். நானும் போனேன்.

திங்கட்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. காலை ஐந்தரைக்கே செங்கம்மாள் வந்துவிட்டாள். முதல் முறையாகச் சவுக்குத் தூள் மலைபோலக் குவிந்திருக்கிறது. புது எரிபொருள், பெரிய மனிதர்கள் வருகிற நாள், தவறு நடந்துவிடக்கூடாது என்ற பயம். வழக்கம்போலக் கம்பி பார்த்தாள். நுனி சுட்டது. அடுத்ததும் சுட்டது. எல்லாக் கம்பியும் சுட்டது. பதின்மூன்று வருஷத்தில் எல்லாக் கம்பியும் ஒரே நாளில் சுட்டு அவள் பார்த்ததில்லை.

"அடியே கன்னியம்மா! ரேணுகா! ஓடியாங்கடி, உள்ள பத்திகினு கீது!" என்று கத்தியிருக்கிறாள். ரப்பர் குழாயை இழுத்தார்கள். போதவில்லை என்று குடத்தில் ஊற்றினார்கள். இருபத்திரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் ஊற்றினார்கள். ஒரு குவியல் விடாமல், உமி, கடலைத் தோல் உட்பட. கம்பெனியைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்து நனைந்த புடவையோடு உட்கார்ந்து டீ குடித்தார்கள். முனிசாமி வந்து பார்த்துவிட்டு, "ஜோரு" என்று பாராட்டிவிட்டும் போனார்.

பத்தே முக்காலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் கண்ணாடி வழியாகப் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே தீ மஞ்சளாகி, சிவப்பாகி, புகையாகி அணைந்தது. நீராவி இறங்கியது, டர்பைன் நின்றது, கட்டடம் முழுக்க விளக்குப் போயிற்று. புகைபோக்கியிலிருந்து வந்த வெள்ளைப் புகை, கரிக் காலத்தில்கூடப் பார்க்காத அளவு. பாய்லர் ஆபரேட்டர் சாலமோன் கன்வேயரில் கையை விட்டு ஒரு பிடித் தூளை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. "இன்னா சார் இது, கஞ்சியப் போட்டு எரிக்கச் சொல்றியே!" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

வெளிநாட்டுக்காரர்கள் கத்தவில்லை. குறிப்பெடுத்தார்கள். தவறுக்கு யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை, எல்லாம் எழுத்தில் வேண்டும், பதினைந்து நாளில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

யார் பொறுப்பு? பயிற்சியை ஏற்பாடு செய்தவரா? உத்தரவு போட்டவரா? பலகையில் பாதியை அழித்துப் பாதியை விட்டவரா? பக்தவத்சலத்துக்கு அந்த மாதிரிச் சந்தேகமெல்லாம் வரவில்லை. கிடங்குக்குப் போய்ச் செங்கம்மாளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? அறிவிருக்கா உனக்கு?"

"சூடா இருந்திச்சி சார். ஊத்துனோம். போர்டுலயும் அப்டிதான போட்டுகீது?"

அன்று சாயங்காலம் போர்டு காணாமல் போயிற்று.

முனிசாமியைக் கூப்பிட்டு, "உன் ஆள், நீயே நடவடிக்கை எடு" என்றார். முனிசாமி கையை விரித்துவிட்டார். "எண்ணிக்கதான் சார் என்னுது. வேல வாங்கறது நீங்க. என்னாண்ட காய்தம் கேட்டா நான் எங்க போவேன்?" பதினைந்து நாள் கெடு ஓடிக்கொண்டிருந்தது. பக்தவத்சலம் என் மேஜைக்கு வந்து, "அந்தப் பொம்பள மேல ஒரு சார்ஜ் மெமோ அடி. நம்ம லெட்டர் ஹெட்லயே அடி. வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்பணும், பாக்க நல்லா இருக்கணும்" என்றார்.

நிரந்தர ஊழியர்களுக்கு மெமோ கொடுக்கும் பழைய மாதிரி ஒன்று என்னிடம் இருந்தது. நூறு முறை அடித்த மாதிரி. அதை எடுத்து வைத்துக்கொண்டு, பெயரையும் வருஷத்தையும் பிரிவையும் மட்டும் மாற்றி அடித்தேன். விரல் பாட்டுக்கு அடித்தது, மூளை தூங்கியது. பக்தவத்சலமும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். எதையும் படித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இருந்திருந்தால் பலகையைப் படித்திருப்பாரே.

மெமோவைக் கேட்டில் வைத்து நான்தான் கொடுத்தேன். செங்கம்மாளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். "படி நைனா" என்றாள். படித்தேன்.

"நமது நிறுவனத்தில் 1993-ஆம் ஆண்டு முதல் எரிபொருள் கிடங்குப் பிரிவில் பணிபுரிந்து வரும் திருமதி செங்கம்மாள், கணவர் பெயர் மணி, ஆகிய தாங்கள் நிறுவனத்தின் எரிபொருள்மீது தண்ணீர் ஊற்றி..."

"நில்லு. மொதல்லேந்து படி."

மறுபடி படித்தேன்.

"எம் பேரு போட்டுகீதா? நெசமா?"

"போட்டிருக்குக்கா."

"வருசம்?"

"தொண்ணூத்தி மூணு."

"கம்பெனி சீலு?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பதின்மூன்று வருஷம் உழைத்தும் கிடைக்காதது, குற்றவாளி ஆனவுடன் தேடி வந்து கையில் விழுந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் இரண்டும் செய்யவில்லை. முகம் இறுகிவிட்டது. "நல்லது செஞ்சப்பல்லாம் நாங்க இருவத்திரண்டு. தப்புன்னதும் நான் செங்கம்மா. இன்னா நாயம்டா இது?" என்றாள். காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் செங்கல்பட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள்.

உள்விசாரணை நவம்பர் எட்டாம் தேதி, கம்பெனி கூட்ட அறையில். விசாரணை அதிகாரி செங்கல்பட்டு வக்கீல் ஒருவர். வயதானவர், நடைமுறை பிசகாதவர், எதையும் வரிசையாகச் செய்தால்தான் தூக்கம் வரும். வாக்குமூலத்தை அடிப்பதற்கு என்னைப் போட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் நான் அடிக்க வேண்டும், சொன்னவர் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும், வக்கீல் அதன்கீழ் கையெழுத்திட்டு முத்திரை வைத்து, ஒரு பிரதியைச் சொன்னவரிடமே கொடுக்க வேண்டும். நடைமுறை.

விசாரணைக்கு முந்தின நாள் பக்தவத்சலம் மற்ற இருபத்தொரு பெண்களையும் கூப்பிட்டுப் பேசினார். நான் அறைக்கு வெளியே இருந்தேன், எல்லாம் கேட்டது. செங்கம்மாள்தான் ஊற்றச் சொன்னாள், நாங்கள் தடுத்தோம், கேட்கவில்லை என்று சாட்சி சொன்னால் புதுக் கிடங்கில் வேலை. இல்லாவிட்டால் முனிசாமி வேறு ஆள் எடுப்பார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்கள். கன்னியம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவுதான், செங்கம்மாளை விற்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை. அவர்கள்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஒரு காகிதம் அடித்துக் கொடுக்கத் துணியாதவனுக்கு அடுத்தவர்மேல் ஆத்திரம் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

விசாரணை தொடங்கியது. செங்கம்மாளை வக்கீல் கேட்டார்: "எரிபொருள்மேல் தண்ணீர் ஊற்றியதை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஊத்துனேன் சார். பதிமூணு வருசமா ஊத்திகினு கீறேன். அத்தயும் எழுதச் சொல்லு."

எழுதினேன். அடுத்து நிர்வாகத்தின் சாட்சிகள். முதலில் கன்னியம்மா. பக்தவத்சலம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லும்மா, நீ என்ன பார்த்த?" என்றார் வக்கீல்.

"பாக்கறது இன்னா சார், நானும்தான் ஊத்துனேன்."

"என்னது?"

"நானும் ஊத்துனேன். கொடம் எடுத்து ஊத்துனேன். தொண்ணூத்தி நாலுலேந்து இந்தக் கம்பெனில ஊத்திகினு கீறேன். எம் பேரு கன்னியம்மா, வூட்டுக்காரர் பேரு ஏசுதாஸ். எழுதிக்கோ சார்."

வக்கீல் குழம்பினார். ஆனால் குற்றத்தை ஒருவர் தானே ஒப்புக்கொள்ளும்போது பதிவு செய்யாமல் விடுவது எந்த நடைமுறையிலும் இல்லை. "அடிங்க" என்றார். அடித்தேன். கன்னியம்மா ரேகை வைத்தாள். வக்கீல் கையெழுத்திட்டு முத்திரை குத்தி, பிரதியைக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்து ரேணுகா. "நான் குழாய் புடிச்சேன் சார். தொண்ணூத்தி ஏழுலேந்து." அதற்கு அடுத்தவள் உமிக்கு ஊற்றியவள். அதற்கு அடுத்தவள், தான்தான் எல்லோரையும்விட அதிகம் ஊற்றியதாகச் சொல்லி, ஏழு குடம் என்று எழுதச் சொன்னாள். பின்னால் நின்றவள், "நான் ஒம்போது!" என்று கத்தினாள். வரிசை அறைக்கு வெளியே நடைபாதைவரை நின்றது. பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், சேர்ந்த வருஷம், குற்றம். என் விரல்கள் அன்று அடித்த மாதிரி வாழ்க்கையில் என்றும் அடித்ததில்லை. கார்பன் தாள் தீர்ந்து, ஓடிப்போய் எடுத்து வந்து அடித்தேன்.

எட்டாவது ஆள் வரும்வரை பக்தவத்சலத்துக்கு உறைக்கவில்லை. ஒன்பதாவது ஆள் பிரதியை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எழுந்தே விட்டார்.

"டைப் அடிக்கறத நிறுத்துய்யா!"

நான் வக்கீலைப் பார்த்தேன். வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "விசாரணையை நடத்துவது நான். சாட்சிகளை வரச் சொன்னது நீங்கள். நடுவில் நிறுத்த முடியாது" என்றார். அந்த மனிதருக்கு நியாய உணர்ச்சி பொங்கியதென்று நான் சொல்ல மாட்டேன். வரிசை பாதியில் அறுந்தால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். எதுவாக இருந்தாலும் அன்றைக்கு உதவியது. மெமோவை அடித்தபோது தூங்கிய மூளை இப்போது முழித்துக்கொண்டிருந்தது. நான் அடித்தேன். பக்தவத்சலம் என் தோளைப் பிடித்து இழுத்தார், ஒரு வரி கோணலாகப் போயிற்று, அதைத் திருத்தி அடித்தேன்.

இருபத்திரண்டு பேர் முடிய மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. இதற்குப் பிறகு தொழிலாளர் அலுவலகம், நீதிமன்றம் என்று இரண்டு வருஷம் இழுத்தார்கள். கடைசியில் அத்தனை பேரும் சேர்ந்த வருஷத்தோடு பதிவேட்டில் ஏறினார்கள். என்னை ஒரு மாதத்தில் வெளியே அனுப்பினார்கள். மேனேஜருக்குக் கீழ்ப்படியாத குற்றம். அதற்கு மெமோவை யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை, நிறையப் பிழைகள் இருந்தன. இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். எந்தக் காகிதத்திலும் வராதது அன்றைக்குக் கடைசியாக நடந்தது.

கடைசிப் பெண்ணும் ரேகை வைத்ததும் பக்தவத்சலம் திடீரென்று வேறு மனிதராகிவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தார். செங்கம்மாளின் அருகே போய், இதுவரை யாரும் அவர் வாயில் கேட்காத குரலில் பேசினார்.

"எதுக்கும்மா இவ்வளவு பெரிசாக்கணும்? தெரியாம நடந்தது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நடவடிக்கையே வேண்டாம், எல்லாத்தையும் கம்பெனி மன்னிச்சிடுச்சு. அந்தப் பேப்பரையெல்லாம் குடுத்துட்டு வேலையப் பாருங்க. போங்க."

இரண்டொரு பெண்கள் செங்கம்மாளைப் பார்த்தார்கள். வேலைக்குப் போகச் சொல்கிறார்கள், மன்னித்தும் விட்டார்கள், வேறென்ன வேண்டும் என்று ஒரு கணம் யாருக்கும் தோன்றத்தான் செய்யும். வக்கீல்கூடப் பேனாவை மூடிவிட்டார்.

செங்கம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை இருமினாள். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"மன்னிப்பு வோணாம் சார்" என்றாள். "தண்டன குடு. இருவத்திரண்டு பேருக்கும், பேர் போட்டு, சீலு வெச்சி, எழுத்துல குடு. வாங்கிகினுதான் எந்திரிப்போம்."